பெரிய ரொட்டி யாருக்கு?

(19-ஆம் நூற்றாண்டுக் கருத்துப்படங்கள் நாட்டின் செழிப்பை எப்படி வரைந்தன, எதை நம்பச் சொன்னன என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த வாரப் பகுதி முழுவதும்.)

கருத்துப்படம் வரைபவர் என்றாலே குறை சொல்பவர்தானே? 'நல்ல காலம் பொறக்குது' என்று சொல்ல அவர் என்ன குடுகுடுப்பைக்காரரா? (வாசகர், திருவாரூர்)

19-ஆம் நூற்றாண்டில் அவர் இரண்டு வேலையும் செய்தார். அன்றைய வார இதழ்களுக்குக் கொள்கை இருந்தது, சிலவற்றுக்குக் கட்சியும் இருந்தது. 1841-இல் லண்டனில் தொடங்கிய 'பஞ்ச்' தடையற்ற வணிகத்தை ஆதரித்தது. 1881-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஜட்ஜ்' குடியரசுக் கட்சியின் பக்கம் நின்றது. நாங்கள் வென்றால் அடுப்பு எரியும், அவர்கள் வென்றால் அணையும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்ல ஒரே வழி படம்தான். இன்னொன்றும் உண்டு. இப்படி இருக்க முடியும் என்று நம்புகிறவருக்குத்தான் இப்படி இல்லையே என்ற கோபம் வரும். நம்பிக்கையே இல்லாதவர் படம் வரைய உட்காரமாட்டார்.

செழிப்பை எப்படி வரைவது? பண மூட்டையை வரைந்தால் போதாதா? (வாசகி, மன்னார்குடி)

முதலில் வரைந்தது தொப்பையை. 1792-இல் ஜேம்ஸ் கில்ரே ஒரு படம் வரைந்தார். ஒரு பாதியில் எலும்பும் தோலுமான பிரெஞ்சுக்காரர் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சுதந்திரத்தைப் புகழ்கிறார். மறு பாதியில் கொழுத்த ஆங்கிலேயர் மாட்டிறைச்சியை வெட்டிச் சாப்பிட்டபடியே வரியைத் திட்டித் தீர்க்கிறார். புலம்பினாலும் அவர் வயிறு நிறைந்திருக்கிறது. இங்கிலாந்தின் உருவகமான ஜான் புல் என்ற அந்தப் பருத்த மனிதரின் உடம்புதான் நாட்டின் ஆரோக்கியச் சான்றிதழ்.

சுமார் நூறு ஆண்டு கழித்து, 1889-இல், ஜோசப் கெப்ளர் 'பக்' இதழில் வரைந்த அமெரிக்க செனட் சபையைப் பாருங்கள். உறுப்பினர்களுக்குப் பின்னால் எஃகு, எண்ணெய், சர்க்கரை என்று பெயர் எழுதிய பிரம்மாண்டத் தொப்பைகள் வரிசையாக நிற்கின்றன. உடம்பே பண மூட்டை. மக்கள் நுழையும் கதவு அடைத்துக் கிடக்கிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமானியரின் செழிப்பைக் காட்டிய வயிறு, முடிவில் ஏகபோக முதலாளியின் வயிறாகிவிட்டது. அந்த நூற்றாண்டின் பொருளாதார வரலாற்றுக்கு இதைவிடச் சுருக்கம் எனக்குத் தெரியாது.

'பெரிய ரொட்டி, சின்ன ரொட்டி' என்று படித்திருக்கிறேன். அது என்ன விவகாரம்? (வாசகர், தேனி)

உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டர் (அன்றைய தானிய அளவு) 80 ஷில்லிங் விலையைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை பிரிட்டனில் விற்கக்கூடாது என்று 1815-இல் ஒரு சட்டம் வந்தது. நிலக்கிழார்களுக்கு ஆதாயம், நகரத் தொழிலாளிக்கு ரொட்டி விலையேற்றம். ரிச்சர்ட் காப்டனும் ஜான் பிரைட்டும் மான்செஸ்டரிலிருந்து இதை எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள். வணிகக் கொள்கையை எத்தனை கூட்டத்தில் விளக்கினாலும் எல்லோருக்கும் ஏறாது. இரண்டு ரொட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஏறும்: சட்டம் இருந்தால் இது, போனால் அது.

1845-இல் 'பஞ்ச்' இதழுக்காக ஜான் லீச் வரைந்த படத்தில் காப்டன் அப்பாவாகவும், பிரதமர் ராபர்ட் பீல் குட்டிப் பையனாகவும் வருகிறார்கள். அப்பா கையைப் பிடித்துத் தடையற்ற வணிகப் பாதையில் வேகமாக இழுக்கிறார், பையனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே, 1846-இல், பீல் அந்தச் சட்டத்தை நீக்கினார். அதனால் அவருடைய கட்சியே இரண்டாக உடைந்தது.

சரி, ரொட்டி உண்மையிலேயே பெரிதானதா? (அதே வாசகர்)

ஆனது, ஆனால் படத்தில் இருந்த வேகத்தில் இல்லை. சட்டம் நீங்கியதும் விலை சரிந்துவிடவில்லை. அமெரிக்கச் சமவெளிகளுக்கு ரயில் போய், கடலில் நீராவிக் கப்பல் மலிவான பிறகுதான் கோதுமை வந்து குவிந்தது. 1870-களின் தொடக்கத்தில் இருந்த விலையில் பாதிகூட 1894-இல் இல்லை. நகரத் தொழிலாளியின் தட்டில் ரொட்டி பெருத்தது, இங்கிலாந்தின் உழவர் நொடித்துப் போனார். பெரிய ரொட்டியை வரைந்தவர்கள் அந்த உழவரை வரையவில்லை.

அந்த ரொட்டிப் படம் எத்தனை நாள் ஓடியது? (வாசகி, ஓசூர்)

அறுபது ஆண்டு. 1903-இல் ஜோசப் சேம்பர்லின் இறக்குமதி வரியைத் திரும்பக் கொண்டுவரப் பிரசாரம் செய்தபோது, பர்மிங்காம் கூட்டத்தில் இரண்டு ரொட்டிகளைத் தூக்கிக் காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். ஒரு படத்துக்குப் பதில் சொல்ல ஓர் அரசியல்வாதி ரொட்டிக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. 1906 தேர்தலில் தடையற்ற வணிகத்தை ஆதரித்த லிபரல் கட்சியே பெருவெற்றி பெற்றது.

பங்குச் சந்தை மோகம் அன்றைக்கும் உண்டா? (வாசகர், கோவை)

1845-இன் ரயில்வே மோகத்தைப் படித்தால் இன்றைய செய்தித்தாள் மாதிரியே இருக்கும். பாதிரியார், விதவை, வேலைக்காரர் வரை ரயில் பங்கு வாங்கினார்கள். அந்த ஆண்டு 'பஞ்ச்' இதழில் லீச் வரைந்த படம் ஒன்றில் விக்டோரியா மகாராணி கலங்கிய முகத்துடன் கணவர் ஆல்பர்ட்டிடம், உங்களிடம் ரயில் பங்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். அரண்மனைக்கே அந்தக் கவலை என்றால் ஊர் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

1846-இல் மட்டும் புதிய பாதைகளுக்காக நாடாளுமன்றம் 260-க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. திட்டமிட்ட சுமார் 9,500 மைலில் மூன்றில் ஒரு பங்கு கட்டப்படவே இல்லை. 'ரயில்வே ராஜா' என்று கொண்டாடப்பட்ட ஜார்ஜ் ஹட்சனின் கணக்குகள் 1849-இல் அம்பலமாயின. ஆனாலும் 1850-க்குள் பிரிட்டனில் சுமார் 6,000 மைல் ரயில்பாதை ஓடிக்கொண்டிருந்தது. பங்கு வாங்கியவர் அழுதார், ரயிலில் ஏறியவர் சிரித்தார்.

நமக்கும் இதில் தொடர்புண்டு. சூடுபட்ட பிரிட்டிஷ் முதலீட்டாளர்களை இந்திய ரயில்வேக்கு அழைக்க 5 சதவீத வட்டிக்கு உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டதும் அந்த ஏற்பாட்டில்தான். லாபம் குறைந்தால் ஈடுகட்டியது இந்திய வரிப்பணம்.

பொய் நம்பிக்கையை விற்றவர்களைத் தோலுரித்த படம் ஒன்று சொல்லுங்கள். (வாசகர், காரைக்குடி)

பாரிஸ் நகரின் ஓனோரே தோமியே வரைந்த ராபர்ட் மக்கேர் வரிசை. மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரராக வரைந்ததற்காக 1832-இல் சிறைக்குப் போனவர் தோமியே. 1835-இல் தணிக்கைச் சட்டம் வந்து அரசரை வரைய முடியாமல் போனதும், அரசரின் காலத்தை வரைந்தார். மக்கேர் மேடை நாடகத்தில் பிறந்த எத்தன். 1836 முதல் 1838 வரை 'ஷாரிவாரி' இதழில் அவன் வங்கி தொடங்குகிறான், பங்கு விற்கிறான், வக்கீலாகிறான், மருத்துவனாகிறான். முதல் படத்திலேயே கோடிக்கணக்கில் மூலதனம் போட்டு வங்கி திறக்கலாம் என்கிறான். போலீஸ் வருமே என்று கூட்டாளி பயப்படுகிறான். கோடீஸ்வரனை எவன் பிடிப்பான் என்பது மக்கேரின் பதில். 190 ஆண்டு ஆகப்போகிறது, அந்தப் பதில் இன்னும் செல்லுபடியாகிறது என்பது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

விஞ்ஞானம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று வரைந்தவர் உண்டா? (மாணவி, நாகப்பட்டினம்)

1829-இல் வில்லியம் ஹீத் வரைந்த 'அறிவின் அணிவகுப்பு' உண்டு. நீராவிக் குதிரை ஓடுகிறது, வானத்தில் பறக்கும் யந்திரம் போகிறது, ஒரு மூலையில் லண்டனிலிருந்து நேராக வங்காளத்துக்குக் காற்றில்லாக் குழாய்ப் பாதை. இந்தியாவுக்குப் பாய்மரக் கப்பலில் பல மாதம் ஆன காலம் அது. முன்னேற்றப் பித்தைக் கேலி செய்யத்தான் வரைந்தார். ஆனால் 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1870-இல் கடலடித் தந்தி பம்பாயை லண்டனோடு இணைத்தது. கேலிக்காக அவர் கட்டிய கற்பனையில் பாதியைப் பொறியாளர்கள் நிஜமாகக் கட்டிவிட்டார்கள். அந்தப் பாதையில் எந்தச் சரக்கு எந்தப் பக்கம் போகும், ஆதாயம் யாருக்கு என்பதை மட்டும் பொறியாளர்கள் தீர்மானிக்கவில்லை.

பணக்காரரும் ஏழையும் சேர்ந்து சந்தோஷமாக இருக்கும் படம் ஒன்றாவது உண்டா? (வாசகி, தஞ்சாவூர்)

உண்டு. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகையில் நடந்த பெருங்காட்சி. அறுபது லட்சம் பேர் பார்த்தார்கள். வாரத்தில் சில நாள் நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்தான். ஏழைகள் வந்தால் கலவரம் வரும் என்று மேட்டுக்குடி பயந்தது. எதுவும் நடக்கவில்லை. அப்போது லீச் வரைந்த படத்தின் பெயர் 'பவுண்டும் ஷில்லிங்கும்'. சீமான் குடும்பமும் தொழிலாளி குடும்பமும் எதிரெதிரே நின்று, உங்களை இங்கே பார்ப்போம் என்று நினைக்கவே இல்லையே என்று வியக்கின்றன.

அதே லீச் எட்டு ஆண்டு முன்னால் வேறு படம் வரைந்திருந்தார். நாடாளுமன்றச் சுவர்களுக்கான ஓவியக் காட்சியைக் கந்தல் உடுத்த ஏழைகள் வெறித்துப் பார்க்கும் படம். ரொட்டி கேட்டவருக்கு ஓவியம் காட்டுகிறார்கள் என்பது அதன் பொருள். இரண்டையும் வரைந்தது ஒரே கை என்பதால்தான் 1851 படத்தின் மகிழ்ச்சியை நம்ப முடிகிறது.

நம்பிக்கைப் படங்களால் தீமை நடந்ததுண்டா? (வாசகர், மதுரை)

நடந்தது. இந்த வாரம் வந்த கேள்விகளில் கனமானது இது.

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. 1846 அக்டோபரில் 'பஞ்ச்' வெளியிட்ட படத்தில் ஜான் புல் ஐரிஷ் சகோதரனிடம் ஒரு கூடை ரொட்டியும் ஒரு மண்வெட்டியும் நீட்டுகிறார். இப்போதைக்கு இது, சீக்கிரமே நீயே சம்பாதித்துக்கொள்வாய் என்று ஆறுதலும் சொல்கிறார். பார்க்க அன்பான படம். நிஜத்தில் அந்தக் குளிர்காலத்தில் பட்டினி உடம்போடு சாலை போடவும் கல் உடைக்கவும் மக்களை அனுப்பினார்கள். கூலி தானிய விலைக்கு எட்டவில்லை. சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று அரசு நம்பியது. பஞ்சம் முடிவதற்குள் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

அதே நம்பிக்கை முப்பது ஆண்டு கழித்து நம் ஊருக்கு வந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சம். தானிய ஏற்றுமதியைத் தடுக்க வைஸ்ராய் லிட்டனின் அரசு மறுத்தது, விலையிலும் தலையிடவில்லை. லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்குப் போகும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிரைக் காக்காது என்று எதிர்த்தார். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லண்டன் தொழிலாளிக்குப் பெரிய ரொட்டியைக் காட்டிய அதே கொள்கைதான் சேலத்திலும் பெல்லாரியிலும் கஞ்சித் தொட்டியைச் சின்னதாக்கியது. பட்டினி கிடப்பவரிடம் வருங்காலத்தைப் பற்றி மட்டும் பேசுவது கொடுமை.

இந்தப் படங்களை எப்படித் தயாரித்தார்கள்? (அச்சகத் தொழிலாளி, சிவகாசி)

சிவகாசியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. 'பஞ்ச்' ஆசிரியர் குழு புதன்தோறும் இரவு உணவுக்குக் கூடும். அந்த வாரப் பெரிய படம் எது என்று அங்கே பேசி முடிவெடுப்பார்கள். ஓவியர் ஜான் டென்னியல் வரைந்து கொடுப்பார். அவர்தான் 'ஆலிஸ்' கதைக்கும் படம் வரைந்தவர். படம் மரக்கட்டையில் செதுக்கப்படும். பெரிய கட்டையைத் துண்டுகளாகப் பிரித்துப் பலர் செதுக்கி, மறுபடி இணைத்து அச்சேற்றுவது அன்றைய வழக்கம். நியூயார்க் 'பக்' இதழ் கல்லச்சில் வண்ணப் படம் போட்டு அசத்தியது. ஓவியரின் பெயர் நிலைத்தது. செதுக்கியவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்கு வரவில்லை.

நெருக்கடி வந்தபோதும் நம்பிக்கையாக வரைந்தார்களா? (வாசகர், ஈரோடு)

1873 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜே குக் வங்கி நிறுவனம் விழுந்தது. நியூயார்க் பங்குச் சந்தை பத்து நாள் மூடிக்கிடந்தது. அதே மாதம் 'டெய்லி கிராஃபிக்' அட்டையில் பீதி என்பது சுகாதார அதிகாரியாக வந்து, வால் தெருவின் குப்பையைப் பெருக்கித் தள்ளுகிறது. கெட்டது போனால் நல்லது தழைக்கும் என்ற கணக்கு. குப்பை போனதோ இல்லையோ, 1879 வரை மந்தநிலை நீடித்தது. பெருக்கும்போது முதலில் வெளியே போனது குப்பை அல்ல, கூலி வேலை.

காகிதப் பணத்தைப் பற்றிய படம் ஒன்று சொல்லுங்களேன். (வணிகவியல் ஆசிரியர், விருதுநகர்)

உங்கள் வகுப்புச் சுவரில் மாட்டவே ஏற்ற படம். 1876-இல் தாமஸ் நாஸ்ட் வரைந்தது. குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாகப் பால் என்று எழுதிய சீட்டை நீட்டுகிறார்கள். பின்சுவரில் மாட்டின் படத்தை மாடு என்றும், வீட்டின் படத்தை வீடு என்றும் நம்பச் சொல்லும் அறிவிப்புகள். காகிதத்தை அச்சடிப்பதால் செல்வம் வராது, தங்கம்தான் உறுதி என்பது நாஸ்டின் கட்சி.

எதிர்க்கட்சிக்கும் ஒரு மாடு இருந்தது. 1890-களில் வெள்ளி நாணயத்தை ஆதரித்தவர்கள் பரப்பிய படத்தில், அமெரிக்க வரைபடத்தின் மேல் ஒரு பசு நிற்கிறது. மேய்வது மேற்கிலே, கறப்பது நியூயார்க்கிலே. விலைகள் விழுந்துகொண்டே போனதால் கடன் வாங்கிய விவசாயிக்குக் கடன் ஆண்டுதோறும் கனத்தது. இரண்டு மாட்டையும் அடுத்தடுத்து மாட்டுங்கள். மாணவர்களுக்குப் பணக்கொள்கை ஒரு மணி நேரத்தில் விளங்கும்.

அமெரிக்கா எல்லோரையும் வரவேற்றதாகப் படம் உண்டாமே? (வாசகி, சிங்கப்பூர்)

1880-இல் கெப்ளர் வரைந்தார். அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் புகலிடப் பேழையின் வாசலில் நின்று வருவோரைக் கைநீட்டி அழைக்கிறார். இலவசக் கல்வி, இலவச நிலம், இலவசச் சாப்பாடு என்று பலகை தொங்குகிறது. இரண்டே ஆண்டில், 1882-இல், சீனத் தொழிலாளர் நுழையத் தடைச்சட்டம் வந்தது. 1893-இல் கெப்ளரே மறுபடம் போட்டார். கரையேற வரும் புதியவரைக் கோட்டு போட்ட பணக்காரர்கள் தடுக்கிறார்கள். அவர்கள் பின்னால் விழும் நிழல்களோ மூட்டை சுமந்து வந்த பழைய அகதிகள். கடல் தாண்டிய குடும்பம் ஒவ்வொன்றும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய படம்.

செழிப்பைச் சொல்லியே தேர்தலில் வென்றவர் யார்? (வாசகர், சேலம்)

அமெரிக்காவின் வில்லியம் மெக்கின்லி. 1893 நெருக்கடிக்குப் பின் வேலையில்லாதவர்கள் ஊர்வலமாகத் தலைநகருக்கே நடந்தார்கள். 1896-இல் மெக்கின்லி செழிப்பின் முன்னறிவிப்பாளராக வந்தார். அவருடைய தேர்தல் சுவரொட்டி ஒன்றில் அவர் ஒரு பெரிய தங்க நாணயத்தின் மேல் நிற்கிறார், மக்கள் நாணயத்தோடு அவரைத் தூக்கி நிற்கிறார்கள். ஒரு பக்கம் கப்பல்கள், மறுபக்கம் புகை கக்கும் ஆலைகள். 1896-இல் வெள்ளி நாணயத்தை ஆதரித்து எதிரே நின்ற பிரையனை 271-க்கு 176 வாக்காளர் குழு வாக்குகளில் வென்றார். 1900-இல் மறுபடி நின்றபோது முழக்கம்: நிறைந்த சாப்பாட்டுத் தூக்கு இன்னும் நான்கு ஆண்டு. தூக்குச் சட்டி ஏந்திய தொழிலாளி படங்களில் நிறைந்தார்.

தூக்கை நிறைத்தது மெக்கின்லிதானா? (அதே வாசகர்)

பெரும்பங்கு மண்ணுக்கடியிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவிலும் கனடாவின் கிளாண்டைக்கிலும் தங்கம் கிடைத்தது. சயனைடு முறையால் மட்டக் கல்லிலிருந்தும் தங்கம் பிரிந்தது. நாணயம் பெருகியது, விலை ஏறியது, ஆலை ஓடியது. பணம் பெருக வேண்டும் என்று பிரையன் கேட்டதுதான் நடந்தது. பெயர் வாங்கியது மெக்கின்லி.

ஆலைப் புகையையா செழிப்பு என்று வரைந்தார்கள்? (மாணவர், தூத்துக்குடி)

ஆமாம். புகை வந்தால் வேலை இருக்கிறது, நின்றால் அடுப்பு அணைந்தது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவரை இந்தச் செழிப்புப் படங்கள் காட்டவில்லை.

தமிழில் இந்தக் கலை எப்போது வந்தது? (வாசகி, புதுச்சேரி)

உங்கள் ஊருக்கும் அதில் பங்குண்டு. 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டுத் தமிழில் வழி திறந்தார். 1908-இல் இதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அதே 1906-இல்தான் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கினார். நம் இதழ்களில் பொருளாதார நம்பிக்கை, நம் கப்பலில் நம் சரக்கு என்ற கோரிக்கையோடு பிறந்தது.

இத்தனையும் பார்த்த பிறகு, செழிப்புப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? (வாசகர், நாகர்கோவில்)

மூன்று கேள்வி கேளுங்கள். ரொட்டி யார் கையில் இருக்கிறது? அதை விளைவித்தவர் படத்தில் இருக்கிறாரா? எப்போது கைக்கு வரும் என்று படம் சொல்கிறதா, இல்லை பிறகு என்று மட்டும் சொல்கிறதா?

லீச், தோமியே, கெப்ளர் மூவரையும் நான் மதிப்பதற்குக் காரணம், செழிப்பைக் கண்டு அவர்கள் முகம் சுளித்தது அல்ல. செழிப்பு வரும் என்று நம்பினார்கள், அது எந்த வாசலில் நின்றுபோகிறது என்றும் வரைந்துகாட்டினார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அது நேர்மையான நம்பிக்கை. அடுத்த தேர்தலில் நம் தெருச்சுவரில் ஒட்டப்போகும் படங்களிலும் வயிறும் தட்டும் சோறும் வரும். இந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு வாக்குச்சாவடிக்குப் போங்கள்.